வந்த காரணம்

முதலாமாண்டில் எங்களுக்கு நாங்களே நோயாளிகள்.
என் இடக்கண்ணின் முக்கால் பவர் உருளைப்பிழையும்
அது சாய்ந்து கிடக்கும் நூற்றெழுபது பாகையும்
வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கும் மனப்பாடம்.
ஹூய் மின்னின் கண்பாவை இருட்டில்
எவ்வளவு விரியும் என்று
அவளைக் கட்டப்போகிறவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

நாலாமாண்டில் வேன்.

கெர்லிங் என்றால் மலாயில் ஓரப்பார்வை.
"இல்ல, அது ஆத்து மீன்" என்கிறார்
வேன் ஓட்டும் அஸ்மான், எங்களிடம் பழகிய தமிழில்.
தமிழ்ப்பள்ளி மண்டபத்தின் பச்சைத் தரையில்
ஆறு மீட்டர் அளந்து சிவப்பு நாடா ஒட்டினோம்.
மின்விசிறிக் காற்றில் எழுத்து அட்டை படபடக்க
அதன் ஒரு மூலைக்கு
யாரோ ஒரு பென்சில் பெட்டியைக் காவல் வைத்தார்கள்.

என் பதிவேட்டில்
பவர் பார்த்தது ஐம்பது, ஆயிற்று.
பிள்ளைகள் பத்து, ஆயிற்று.
நிறக்குறைபாடு மூன்று வேண்டும்; கையில் இரண்டு.
செமஸ்டர் முடியப் பதினோரு நாள்.

ஆரோக்கியம், த/பெ சவரிமுத்து, ஐம்பத்திரண்டு வயது,
செம்பனைக் குலை வெட்டுபவர்.
பூட்ஸைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுக்
காலுறையோடு வந்தார்.
நாடாவைத் தாண்டிப் போய் நின்றார்.
"கோட்டுல நில்லுங்க அங்கிள்" என்றேன்.
"எந்தக் கோடு?"

அப்போதே எனக்குள் ஒரு மணி அடித்தது.
சன்னல் ஓரம் உட்கார வைத்துப்
புள்ளிப் புத்தகத்தைத் திறந்தேன்.
எழுபத்து நாலு இருக்கும் பக்கத்தில்
இருபத்தொன்று என்றார்.
அடுத்த பக்கத்தில் ஒன்றுமில்லை என்றார்.
அதற்கடுத்ததிலும்.
ஒன்றுமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல
எனக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி.
மேற்பார்வைக்கு வந்த புவான் சுசிலா
என் தோளுக்கு மேலே குனிந்து
"அழகான கேஸ்" என்றார் மெதுவாக.

கறுத்தது காய், சிவந்தது பழம்.
சிவப்பே இருட்டாகத் தெரிகிற கண்ணோடு
பத்தொன்பது வருசம் எப்படி வெட்டினீர்கள்?

அவர் வாசலைப் பார்த்தார்.
மண்டோர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தான்.
"மேல பாக்கறதில்லம்மா. கீழ பாப்பேன்.
மரத்தடியில உதிரி கிடந்தா பழம்.
போன மாசம் புதுப் பையன் ஏழு காய்க்குலை வெட்டிட்டான்,
சம்பளத்துல புடிச்சாங்க.
அவனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."
பிறகு கேட்டார்,
"இது ஆபீசுக்குப் போகுமா?"

போகாது என்றேன்.
பெயரை மறைத்து முதலெழுத்துகள் மட்டும் எழுதினேன்.
புவான் சுசிலா கையெழுத்துப் போட்டார்.
மூன்றுக்கு மூன்று.
ஹூய் மின் தூரத்திலிருந்து கட்டைவிரல் காட்டினாள்.
அவர் நன்றி சொல்லி, பூட்ஸை மாட்டிக்கொண்டு,
கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்,
எதையோ வாங்க வந்து மறந்தவர் போல.
பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம்.

இப்போது வேன் ரயில் கேட்டில் நிற்கிறது.
அந்தியில் முதலில் இருள்வது சிவப்பு,
இரண்டாமாண்டுப் பாடம்.
இருபக்கமும் செம்பனைகள் ஒரே சாம்பலாகி
எது காய் எது பழம் என்று
வேனில் இருக்கும் ஒன்பது பேருக்கும் தெரியவில்லை.
இதைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைக்கலாம் என்று
கோப்பைத் திறக்கிறேன்.

மேலே, முதல் வரியில், என் கையெழுத்து:
வந்த காரணம் – கைப்பேசியில் மகள் அனுப்பும் மெசேஜ்
படிக்க முடியவில்லை.

அதற்குக் கீழே கிட்டப்பார்வைக் கட்டம்.
காலி.

என் காலடியில், அட்டைப்பெட்டியில்,
ஒன்றே முக்காலிலும் இரண்டிலும்
நாற்பது வாசிப்புக் கண்ணாடிகள்
வேன் குலுங்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசுகின்றன.
கேட் தூக்குகிறார்கள்.
அஸ்மான் கியர் மாற்றுகிறார்.
புவான் சுசிலா அரைத்தூக்கத்தில்.

"புவான்" என்கிறேன்.
கேட்கவில்லை.
இன்னும் கொஞ்சம் சத்தமாக.